வளர்ற புள்ளைக்கு ஷூ வாங்கப் போறீங்களா?

பள்ளி திறக்கிற வாரத்தில் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஏதாவது ஒரு செருப்புக் கடையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். ஒரே வசனம் பத்து வாயிலிருந்து வரும். "வளர்ற புள்ளண்ணே, ரெண்டு சைஸ் பெருசாவே குடுங்க." கூட வந்த அப்பத்தா, மூன்று சைஸ் கூடக் கேட்டிருக்கலாமே என்கிற முகத்தோடு நிற்கும். பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, பாதி நேரம் பிள்ளை கடைக்கே வந்திருக்காது.

நானும் அந்த வசனம் பேசியவன்தான். பெரியவன் யூகேஜி போன வருடம் இரண்டு சைஸ் கூட்டி வாங்கி, முன்னால் பஞ்சை அடைத்து அனுப்பினேன். வாத்து மாதிரி நடந்து போனான். இரண்டாவது வாரமே படியில் தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். அந்த ஷூ அவன் காலுக்கு ஒருவழியாகச் சரியாக வந்த நேரத்தில் முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது, ஆக கொடுத்த காசுக்கு அது பொருந்தியிருந்த நாள் என்று ஒன்றுகூடக் கிடையாது. சட்டை பெரிதென்றால் கையை மடித்து விடலாம், பாவாடை பெரிதென்றால் டக்கு பிடித்துத் தைத்துப் பிறகு பிரித்துக்கொள்ளலாம், ஷூவில் அந்த வேலை ஆகாது. கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடும், ஷூ கழன்றுவிடாமல் இருக்கப் பிள்ளை விரல்களை மடக்கி மடக்கிப் பிடித்து நடக்கும், குதிகாலில் உரசி உரசிக் கொப்புளம் வரும். சின்ன ஷூதான் கடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய ஷூவும் நன்றாகவே கடிக்கும்.

சரி, எப்படித்தான் வாங்குவது?

முதலில் வீட்டில் அளவு எடுங்கள்

எங்கள் அய்யா உசிலம்பட்டிப் பக்கம் ஊரிலிருந்து டவுனுக்கு வரும்போது சட்டைப் பையில் ஒரு கட்டு ஈர்க்குச்சி இருக்கும். வீட்டில் எத்தனை பிள்ளையோ அத்தனை குச்சி, ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கால் நீளத்துக்கு ஒடித்தது. கடையில் செருப்பின் மேல் வைத்துப் பார்த்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கடைக்காரர்கள் சிரிப்பார்களாம். உண்மையில் இன்றைக்குப் பல பேர் ஆன்லைனில் வயதை மட்டும் பார்த்து ஆர்டர் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். அந்த முறையைக் கொஞ்சம் திருத்திக்கொண்டால் போதும்.

சாயங்காலம் அளவெடுங்கள். நாள் முழுக்க ஓடியாடிய கால் காலையில் இருந்ததைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், ஷூ அந்தக் காலையும் தாங்க வேண்டும். தரையில் ஒரு தாளைச் சுவரோடு ஒட்டி வைத்து, பிள்ளையை எந்தச் சாக்ஸோடு பள்ளிக்குப் போகிறதோ அதே சாக்ஸோடு, குதிகால் சுவரில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். நிற்க வேண்டும், இரண்டு காலிலும் சமமாக எடையைப் போட்டு நிற்க வேண்டும். உட்கார வைத்து எடுத்தால் அளவு குறையும், பாரம் இறங்கும்போதுதான் பாதம் விரிந்து நீளும். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்து, எந்த விரல் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதன் நுனியில் கோடு போடுங்கள் (கட்டை விரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, எங்கள் வீட்டில் சின்னவளுக்கு இரண்டாவது விரல்தான் நீளம்). அப்புறம் அடுத்த கால். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், பெரிய காலின் அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அளவோடு 12 மில்லிமீட்டர் கூட்டுங்கள். பெரியவர்களின் சுண்டுவிரல் அகலம் ஏறக்குறைய அவ்வளவு வரும். கால் 18 சென்டிமீட்டர் என்றால் ஈர்க்குச்சியை 19.2 சென்டிமீட்டருக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். இந்தக் குச்சி ஷூவுக்குள்ளே வளையாமல் குதியிலிருந்து நுனி வரை படுத்தால் நீளம் சரி. வளைந்தால் சின்னது. குச்சிக்கு மேலும் அரை விரல் இடம் இருந்தால் பெரியது. முன்பக்கம் கூராகப் போகிற ஷூவில் மட்டும் குச்சி ஏமாற்றும், கூர் நுனி வரை குச்சி போகும், விரல் போகாது. அதனால் அளவெடுத்த தாளிலேயே பாதத்தைச் சுற்றி வரைந்து கத்தரித்துக் கையோடு கொண்டுபோங்கள். ஷூவுக்குள் நுழைக்கும்போது தாளின் ஓரம் மடங்கினால் அகலம் பற்றவில்லை என்று அர்த்தம்.

"வளர்ற புள்ள" எவ்வளவு வளரும்?

மூன்று வயது வரை கால் மாதத்துக்குச் சுமாராக ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கப்புறம் வேகம் இன்னும் குறையும். நாம் விட்டது 12 மில்லிமீட்டர். அதில் பாதி, ஆறு மில்லிமீட்டர், தீர்ந்துவிட்டாலே மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது, ஏனென்றால் நடக்கும்போது பாதம் முன்னால் நகர்வதற்கும் இடம் வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாலு மாதம், எல்கேஜி, யூகேஜி பிள்ளைக்கு ஆறு மாதம். ஜூனில் வாங்கியது அரையாண்டுப் பரீட்சையோடு சரி. நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக்கு மேல் இன்னும் கொஞ்ச நாள் கூடத் தாக்குப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

சின்ன வகுப்புப் பிள்ளைக்கு "ஒரு வருடம் வர வேண்டும்" என்று ஷூ வாங்குவதே நடக்காத கணக்கு. நான் இப்போது செய்வது, ஜூனில் கொடுக்க நினைக்கும் மொத்தக் காசையும் ஒரே ஜோடியில் போடாமல், பாதி விலையில் ஒரு ஜோடி, மீதியை டிசம்பருக்கு ஒதுக்கி வைப்பது. பிராண்டு பெரிதா சின்னதா என்பதைவிட அது காலுக்கு எத்தனை மாதம் பொருந்துகிறது என்பதுதான் எனக்குக் கணக்கு. அம்மாவுக்கு இதில் உடன்பாடு கிடையாது. "தரமானதா ஒண்ணு வாங்குனா ரெண்டு வருசம் உழைக்கும்" என்பார். ஷூ உழைக்கும்மா, கால் நிற்காதே.

சைஸ் நம்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் அப்பாக்கள் நிறையக் குழம்புகிறோம். நம் ஊரில் போடுவது வெள்ளைக்காரன் விட்டுப்போன நம்பர். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர். சிறுவர் சைஸ் 13 வரை போய் மறுபடி 1 என்று தொடங்கும். 13 சின்னதாகிவிட்டால் அடுத்தது 1, "14 குடுங்க" என்று கேட்டு நான் ஒருமுறை சிரிப்பு வாங்கியிருக்கிறேன். கடைக்காரரே வளர்ச்சிக்கு ஒரு சைஸ் கூட்டித்தான் எடுத்துக் கொடுப்பார், அதற்கு மேல் நீங்கள் இரண்டு கேட்டால் இன்னும் 17 மில்லிமீட்டர் சேர்கிறது. பஞ்சு அடைக்கும் நிலைமை வருவது அப்படித்தான்.

இன்னொன்று. பல வீடுகளில் சைஸ் ஏற்றுவதற்குக் காரணம் நீளமே கிடையாது, அகலம். சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து பார்த்தது. வெளிநாட்டு அளவுகளோடு ஒப்பிட்டால் நம் ஆட்களின் பாதம் அகலம் என்று தெரிந்தது. நமக்கென்று 'பா' என்ற பெயரில் தனி சைஸ் முறை கொண்டுவர வேண்டும் என்கிற பேச்சும் அதிலிருந்து வந்ததுதான். ஒடுங்கலான ஷூவைப் போட்டுப் பார்த்து சுண்டுவிரல் பக்கம் பிடிக்கிறது என்றதும் நாம் என்ன செய்கிறோம், ஒரு சைஸ் நீளமாக எடுக்கிறோம். பக்கம் கொஞ்சம் தளர்கிறது, நீளம் கூடிப்போகிறது. சைஸை விட்டுவிட்டு மாடலை மாற்றச் சொல்லுங்கள். முன்பக்கம் அகலமாக, உருண்டையாக இருக்கிற வேறு மாடல் கேட்டால் எடுத்துப் போடுவார்கள்.

கடையில்

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். தூங்கி எழுந்த பிள்ளை, பசித்த பிள்ளை வேண்டாம், எதைப் போட்டாலும் "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜிகர்தண்டா எங்கே என்று கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாசி வீதிப் பக்கம் போனால் உங்களுக்கே பொறுமை இருக்காது. வார நாளில், வேலை முடிந்து போவது நல்லது.

மேலே அழுத்திப் பார்த்து "இடம் இருக்கு" என்று சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கறுப்புப் பள்ளி ஷூவின் முன்பக்கம் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், அழுத்தினால் ஒன்றும் தெரியாது. அது போக, மேலே நம் விரல் பட்டதும் பிள்ளை தானாக விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைவிட நல்ல வழி, ஷூவுக்குள் கழற்றி எடுக்கிற மாதிரி அட்டை இருந்தால் அதைத் தரையில் போட்டு, குதியைச் சரியாக வைத்து மேலே நிற்கச் சொல்வது. விரல் நுனிக்கு முன்னால் எவ்வளவு மிச்சம், பக்கவாட்டில் கால் வெளியே வழிகிறதா, எல்லாம் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் போட்டு, லேஸைக் கட்டி, நடக்க விடுங்கள், கடை நீளத்துக்கு நாலு நடை. பின்னால் நின்று குதிகாலைப் பாருங்கள். கால் தூக்கும்போது ஷூ கூடவே வருகிறதா, குதி மட்டும் கழன்று மேலே வருகிறதா? ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுப்பாதத்தில் மடங்கினால் வேண்டாம். குதிப்பக்கம் மட்டும் அழுத்தினால் அமுங்காமல் கெட்டியாக இருக்கட்டும்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் பெல்லி ஷூவை யோசித்து வாங்குங்கள். லேஸும் இல்லை, பட்டையும் இல்லை. பிறகு அது காலில் எப்படி நிற்கிறது? முன்னால் விரலையும் பின்னால் குதியையும் இறுக்கிப் பிடித்துத்தான் நிற்கிறது. சரியான இடம் விட்டு வாங்கினால் கழன்றுவிடும், கழலாமல் வாங்கினால் விரலை நெரிக்கும். மேலே பட்டையும் பக்கிளும் வைத்த கறுப்பு ஷூ அதே கடையில் அதே விலைக்குக் கிடைக்கிறது. கல்யாண வீட்டுக்கு இரண்டு மணி நேரம் போட மினுமினு பெல்லி வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் நான் சண்டைக்கு வரவில்லை.

லேஸா ஒட்டுப்பட்டையா என்று கேட்டால், தானாக லேஸ் கட்டத் தெரியாத வயதுக்கு ஒட்டுப்பட்டைதான். லேஸ் ஷூ வாங்கிக் கொடுத்தால் அவிழ்க்காமல் பின்பக்கத்தை மிதித்து உதறுவான், ஒரே மாதத்தில் குதி சரிந்துவிடும். மீனாட்சியம்மன் கோயிலுக்கோ திருப்பரங்குன்றத்துக்கோ போனால் கழற்றிப் போடுகிற இடத்தில் பின்னால் வரிசையே நிற்கும், முடிச்சு விழுந்த லேஸோடு குனிந்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.

சில பள்ளிகளில் ஷூவும் அவர்களே தருகிறார்கள். நம்பர் மட்டும் கேட்பார்கள், போட்டுப் பார்க்க விட மாட்டார்கள். எங்களுக்கும் ஒரு வருடம் அப்படி ஆனது, வந்த ஜோடியில் இரண்டு காலும் பிடித்தது, மாற்ற மூன்று வாரம் அலைந்தேன். நம்பர் எழுதச் சொன்னால் பக்கத்திலேயே பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் விலையில்லாக் காலணிக்கு அளவு கேட்டாலும் இதேதான், போன வருட நம்பரை ஞாபகத்திலிருந்து சொல்லாதீர்கள்.

எங்கே வாங்கினாலும் முதல் நாள் வீட்டுக்குள் மட்டும் போட விடுங்கள். துடைத்த தரையில், சாக்ஸோடு, அரை மணி நேரம். கழற்றியதும் காலைப் பாருங்கள், சுண்டுவிரல் ஓரத்திலோ குதியிலோ சிவந்திருந்தால் பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மறுநாளே போய் மாற்றுங்கள். மண் பட்டுவிட்டால் மாற்றித் தர மாட்டார்கள். "போகப் போக இளகிடும்" என்று கடைத் தம்பி சொல்வார். தோல் ஷூ கொஞ்சம் இளகும், நாம் பள்ளிக்கு வாங்குகிற ரெக்ஸின் ஷூ பெரிதாக இளகாது, கால்தான் காய்த்துப்போகும்.

அண்ணன் ஷூ தம்பிக்கு

இதைச் சொன்னால் கோபம் வரும், எல்லா வீட்டிலும் நடப்பதுதான், எங்கள் வீட்டிலும் நடந்தது. அண்ணன் ஆறு மாதம் போட்ட ஷூவின் உள்பக்கம் அவன் பாதம் எப்படி அழுந்தியதோ அந்தக் குழியோடு இருக்கும். தம்பி கால் அந்தக் குழிக்கு ஏற்ப நிற்கப் பார்க்கும். அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, மேசையில் வைத்தால் சாய்ந்து நின்றாலோ கொடுக்காதீர்கள். பி.டி. பீரியடுக்கு வாரம் ஒருநாள் போட்ட வெள்ளைக் கேன்வாஸ், தீபாவளிக்கு இரண்டு முறை போட்ட சேண்டல் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். தினமும் ஏழெட்டு மணி நேரம் காலில் கிடக்கிற ஷூவை மட்டும் அவனவனுக்கு வாங்க முடிந்தால் நல்லது.

வெறுங்காலா, ஷூவா

அப்பத்தாவைக் கிண்டல் செய்துவிட்டேன், ஒரு விஷயத்தில் அது சொன்னதுதான் சரி. "நடக்காத புள்ளைக்கு எதுக்கு செருப்பு?" நடை பழகாத குழந்தைக்குக் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும் ஷூ வாங்கி மாட்டுவது நம் ஆசைக்குத்தான். தவழும்போதும் தத்தி நடக்கும்போதும் வெறுங்கால்தான் நல்லது, விரல்கள் தரையைப் பற்றிப் பிடித்துப் பழகும். கர்நாடகத்தில் இரண்டு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 பிள்ளைகளின் காலடித் தடத்தை எடுத்துப் பார்த்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி போடுகிற பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாத பிள்ளைகளில் 2.8 சதவீதம். மூடிய ஷூ போட்டவர்களுக்கு அதிகம், சேண்டல், செருப்புக்காரர்களுக்கு அதைவிடக் குறைவு. அதனால் பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குள் வெறுங்காலோடு ஓடட்டும்.

அதற்காக, தெருவிலும் அப்படியே விடுங்கள் என்று சொல்லவில்லை. சித்திரை வெயிலில் நம் ஊர்த் தார் ரோட்டில் பெரியவர்களாலேயே கால் வைக்க முடியாது. திறந்தவெளியில் மலம் கிடக்கிற ஈர மண்ணில் வெறுங்காலோடு விளையாடினால் கொக்கிப்புழு பாதத்துத் தோல் வழியாகவே உள்ளே போகும், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுப்பது சும்மா இல்லை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்கு லீவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இன்னொரு எதிரி சீமைக்கருவேல முள். மெல்லிய ரப்பர் செருப்பைக் குத்திக்கொண்டு பாதத்தில் ஏறிவிடும். அங்கே கனமான அடியோடு, குதியில் வார் வைத்த சேண்டல் போட்டு அனுப்புங்கள், ராத்திரி அடிப்பாகத்தைத் திருப்பி, ஒடிந்து நிற்கும் முள்ளைக் குறடால் பிடுங்கிவிடுங்கள்.

தட்டைப் பாதம் என்று சொன்னதும் சிலர் பயந்துபோவார்கள். சின்னக் குழந்தை எல்லாருக்குமே பாதம் தட்டையாகத்தான் தெரியும், உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை இருக்கிறது, வளைவு ஆறேழு வயதுக்குள் மெல்ல மெல்லத் தெரிய வரும். பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்தால் கவலை வேண்டாம், கடையில் தலையில் கட்டுகிற மேடு வைத்த அட்டையும் வேண்டாம். வலி, விறைப்பு, ஒரு கால் மட்டும் வித்தியாசம் என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாக்ஸைப் பற்றி ஒரு வரி. ஷூவை அளந்து வாங்கிவிட்டு, போன வருடத்துச் சுருங்கிய சாக்ஸை இழுத்து மாட்டினால் அதுவே விரலை மடக்கிவிடும். நம் வெயிலுக்குப் பருத்தி அதிகம் உள்ளதாக, தினம் துவைத்துப் போட மூன்று ஜோடியாவது வேண்டும். மழையில் நனைந்து வந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக் காற்றாட வையுங்கள். ஈர ஷூவை மறுநாளும் போட்டால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும்.

பிள்ளை சொல்லாது

பெரியவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தீபாவளிக்கு முதல் நாள் எண்ணெய் தேய்க்க உட்கார வைத்தேன். இரண்டு கட்டை விரல் நகமும் கறுத்திருந்தன. "ஷூ கடிக்குதாடா?" "இல்லப்பா." ஷூவைக் கொண்டுவரச் சொல்லி, புதிதாகக் காலை அளந்து ஒடித்த குச்சியை விட்டுப் பார்த்தால் வில்லாக வளைகிறது. "ஏன்டா சொல்லல?" "ஜூன்லதானப்பா வாங்குனோம்." கடையில் விலையைக் கேட்டு நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்திருக்கிறான். எனக்கு அன்றைக்கு அதிரசம் இறங்கவில்லை.

அதனால் கடிக்கிறதா என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். "கட்டை விரலை மேலயும் கீழயும் ஆட்டு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். "எந்த விரல் எங்க இடிக்குது?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை இறக்கும் முன்னால் ஷூவைக் கழற்றுகிறதா, சாக்ஸின் நுனி ஒரே இடத்தில் ஓட்டையாகிறதா, நடக்கத் தயங்கி "தூக்கு" என்கிறதா, இதையெல்லாம் பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மூன்று வயதுக்குள் இருக்கிற தங்கச்சி மகனுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, யூகேஜி சின்னவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெரியவனுக்குக் காலாண்டு, அரையாண்டு லீவில் அளவு. புதுசாகக் கால் அளவை எடுத்து, ஆறு மில்லிமீட்டர் கூட்டி ஒரு குச்சி. அது ஷூவுக்குள் முட்டாமல் படுத்தால் இன்னும் ஓடும், வளைந்தால் கடைக்குக் கிளம்ப வேண்டியதுதான். போன அரையாண்டு லீவில் சின்னவள் குச்சி வளைந்தது, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கூட்டிப்போனேன். டிசம்பரில் யார் கறுப்பு ஷூ வாங்குகிறார்கள், கடையில் கூட்டமே இல்லை. கடைத் தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலு ஜோடி பிரித்துப் போட்டார், அவளும் நாலையும் போட்டு நடந்து பார்த்து, மூன்றாவதைத்தான் எடுத்தாள்.